காணாத பூவுக்குக் காவலரா?

பெயரைக் காத்துவிட்டால் பொருளும் தானே காக்கப்பட்டுவிடும் என்று எண்ணுவோர் தமிழுலகில் மிகப் பலர். அவ்வெண்ணம் பிழையானது. பொருள் அழிந்த பின்னும் நிற்கும் பெயர், குடியிருந்தோர் அனைவரும் மாண்டு போன வீட்டின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையே ஆகும். தமிழ்நாட்டுப் பூம்புதர்களின் நிலை இன்று அதுவாகவே இருக்கின்றது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையிற் குவித்த பூக்கள் 99 என்று எண்ணிச் சொல்வது தமிழாசிரியர்க்கு வழக்கம். அவ்வளவு பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவனுக்கு மேடையிற் பரிசும் கொடுக்கின்றனர். அவற்றுள் ஒன்பது பூவையேனும் புதரில் காட்டு என்று கேட்பாரில்லை; கேட்டாலும் காட்டுவாரில்லை. பாடநூலுக்கு எழுதப்படும் உரைகளோ, பிடவம் என்பதற்கு ‘ஒருவகைப் பூ’ என்றும், காயா என்பதற்கு ‘ஒருவகைச் செடி’ என்றும் எழுதி ஓய்ந்து விடுகின்றன. ஒருவகைப் பூ என்பதற்குப் பெயர் உரையா? அஃது உரையாசிரியன் தன் அறியாமைக்கு இட்டுக்கொண்ட முகமூடியன்றோ?

பழைய உரைகாரர் இவ்வாறு நழுவினாரல்லர். சேடல் என்னும் சொல் தம் காலத்தார்க்கு விளங்காமற் போகும் என்று கண்ட நச்சினார்க்கினியர், பவழக்கான் மல்லிகை என்று பொருள் எழுதினார். செடியை அறிந்தவன் எழுதிய உரை அது. இன்றும் அவ்வுரையைக் கையிற் கொண்டு தோட்டத்துக்குட் சென்று பூவைக் கண்டுபிடிக்கலாம்.

அரியது எது?

வீட்டு முன்றிலில் பிறரிடம் இல்லாத அரிய பூம்புதர் ஒன்றை வளர்க்க வேண்டும் என்னும் விருப்பம் நல்ல விருப்பமே. ஆனால், அவ்விருப்பம் கொண்டவர் நேரே செல்லும் இடம் செடிவிற்பனைத் தோட்டம். அங்கே கறுப்பு ஞெகிழிப் பையில் நிற்கும் செடிக்கு விற்பவன் என்ன பெயர் சொல்கின்றானோ அதுவே பெயர். கடல் கடந்து வந்தது என்றால் அரியது. வாயில் நுழையாத பெயர் என்றால் மேலும் அரியது. விலை மிகுதி என்றால் அரியவற்றுள் அரியது!

உண்மை என்ன? போகன்வில்லா தென்னமெரிக்காவிலிருந்து வந்து இன்று ஒவ்வொரு தெருவிலும் நிற்கின்றது. குரோட்டன்சு இல்லாத அலுவலக வாயில் இல்லை. இவை அரியனவா? காயா பூத்து நின்ற புதரை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர் எத்தனை பேர்? பிடவத்தின் மணத்தை நுகர்ந்தவர் எத்தனை பேர்? ஒரு காலத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்குக்கூடத் தெரிந்திருந்தவை இன்று கற்றோர்க்கும் தெரியாதனவாகிவிட்டன. தமிழ்நாட்டில் இன்று மிக அரிய பூம்புதர், தமிழ்நாட்டின் சொந்தப் பூம்புதரே. நெஞ்சு சுடும் உண்மை இது.

பெயரே அடையாளம்

ஒரு செடியைக் கண்டறிய முதற்கருவி கண். இரண்டாம் கருவி, கண்ணுள்ளவர் வைத்த பெயர். பவழமல்லி என்னும் பெயரைப் பாருங்கள். பூ மல்லிகை போல் வெண்மை. அதன் காம்பு போன்ற குழல் பவழம் போற் செம்மை. பெயரைக் கேட்டவன் பூவைப் பார்த்த நொடியில் அறிந்து கொள்வான். மாலையில் மலர்ந்து விடியலில் உதிர்வதையும், இலை அரம் போற் சொரசொரப்பாய் இருப்பதையும், இளங்கொம்பு நாற்பட்டையாய் இருப்பதையும் உடன் சேர்த்துக்கொண்டால் பிழைபட வழியே இல்லை. இத்தகைய பெயரை விட்டுப் பாரிசாதம் என்னும் வடசொல்லால் அழைப்போர், பெயரை மட்டும் மாற்றவில்லை. பார்க்கும் கண்ணையும் மூடிக்கொள்கின்றனர்.

போகன்வில்லா என்பது 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயர். அப்பெயரில் செடியைப் பற்றிய செய்தி ஒன்றுமில்லை. எழுத்தறியாத தமிழ்மக்களோ அதைக் காகிதப்பூ என்றனர். காகிதம் அயற்சொல்லாதலின் தாட்பூ என்பார் என்க. எப்படிச் சொன்னாலும் அப்பெயரில் ஒரு மெய்ம்மை இருக்கின்றது. அச்செடியில் நிறம் காட்டுபவை பூவிதழ்கள் அல்ல; தாள் போன்று மெலிந்த, நிறமேறிய மூன்று பூவடியிலைகள். அவற்றின் நடுவே சின்னஞ்சிறு குழல்களாக நிற்பவையே உண்மைப் பூக்கள். பூ பூவாக இல்லை, தாளாக இருக்கின்றது என்று முதலிற் சொன்ன சிற்றூரான், தன்னை அறியாமலே நிலைத்திணை நூலின் ஒரு வரியைச் சொல்லிவிட்டான்.

அயற்பூவுக்குக்கூட அழகிய பெயர் வைத்த அதே மக்கள், தம் சொந்தப் பூவின் பெயரை இழந்தது எவ்வாறு? வெட்சியைப் பாருங்கள்.

வெட்சி: புறத்திணைகளுள் தொல்காப்பியம் முதலில் வைத்த திணைக்குப் பெயர் தந்த பூ இது. நிரை கவரச் சென்ற மறவர் சூடியது. இன்று நகரத்தில் இதற்கு இட்டிலிப்பூ என்று பெயர்! சற்று நாகரிகம் முற்றியவர் ‘இக்சோரா’ என்பர். அவர் ஆங்கிலம் பேசுவதாக எண்ணி மகிழ்கின்றார். ஈசுவர என்னும் வடசொல்லைப் போர்த்துக்கீசியர் திரித்து ஒலிக்க, அத்திரிபை 1753-இல் சுவீடன் நாட்டு இலின்னேயசு செடிக்குப் பெயராக்கினார் என்பதை அவர் அறியார். கேரளத்தார் இன்றும் செத்தி, தெச்சி என்று சொல்லித் தம் பெயரைக் காத்துக்கொண்டனர்.

கடைகளில் வெட்சி என்று விற்கப்படும் குட்டைச் செடிகளுட் பல சீன வகையும் கலப்பு வகையுமாம். நாட்டு வெட்சியை அறியும் வழி எளிது. இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல் தண்டைத் தழுவி நிற்கும். நீண்ட மெல்லிய குழலின் நுனியில் நான்கு இதழ்கள் கூர்நுனியோடு விரியும். வட்ட இதழாயின் அது வேறு. மழைக்காலத்தில் முற்றியும் முற்றாததுமான கொம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளை அகற்றி, மணலும் மட்கும் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் வேர்விடும். சுண்ணாம்பு மண் இதற்குப் பகை. புதுச்சுவரின் அடியில் நட்ட வெட்சி, நரம்பு பசுமையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறுவதற்கு நோய் காரணமன்று. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பூட்டத்தை வேர் உறிஞ்ச இயலாமையே. மருந்து தேடி அலைய வேண்டா. இலைமட்கு இட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நடுக.

நொச்சி: அரண் காத்த மறவரின் பூ. கைவிரல் போல் மூன்றும் ஐந்துமாகப் பிரிந்த இலை, இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை, கசக்கினால் காரமணம், கொம்பின் நுனியில் நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூங்கொத்து. ஆடும் மாடும் இதனைக் கடிப்பதில்லை. ஆதலின் உழவர் வேலிக்கு நட்டனர். கூலக்குதிரில் இலையைப் போட்டுப் பூச்சியை விரட்டினர். கொம்பை ஒடித்து நட்டால் போதும். ஆற்றங்கரை மண்ணாயினும் கொல்லைமேட்டு மண்ணாயினும் தழைக்கும். பூத்து முடிந்தபின் வெட்டிவிட்டால் அடர்ந்து மீண்டும் பூக்கும். இதனை மருந்துச்செடி என்று மூலையில் ஒதுக்காமல் பூம்புதராக வாயிலில் வைத்துப் பார்ப்பாரில்லை. இதே இனத்து அயற்செடிகளை ஐரோப்பியர் தம் பூந்தோட்டங்களிற் பூவுக்காகவே போற்றி வளர்க்கின்றனர்!

காயா: முல்லைநிலத்துப் பூ. திருமாலின் நிறத்துக்குப் புலவர் கண்ட உவமை. மக்கள் வழக்கில் காசா, காசான் என்றும் வழங்கும். தடித்த, பளபளக்கும் இலைகள் எதிரெதிராக நிற்கும். பூ இலைநுனியில் வாராது. இலையுதிர்ந்த பழைய கொம்புகளின் கணுவில் கொத்துக் கொத்தாய், ஆழ்ந்த நீலத்தில் ஒட்டிக்கொண்டு பூக்கும். பூத்த காலத்தில் கொம்புக்கு நீலச்சாந்து பூசியது போலிருக்கும். சோழமண்டலக் கரையோரக் கோயிற்காடுகளில் இன்னும் இது நிற்கின்றது. இதனைக் கொம்பு ஊன்றி வளர்ப்பது அரிது. கனிந்த பழத்தின் சதையை நீக்கி, விதை காயுமுன்னர் ஊன்ற வேண்டும். வளர்ச்சி மிக மெது. விரைவை விரும்புவோர்க்கு உரியதன்று காயா. தம் மக்களுக்காக நடுவோர்க்கே உரியது.

ஆவிரை: மடலேறும் தலைவன் சூடிய பூ. பொங்கலன்று காப்புக் கட்டுதற்குச் சிறுபீளையோடும் வேப்பிலையோடும் சேர்வது. மஞ்சட்பூப் பூக்கும் செடியெல்லாம் ஆவிரையன்று. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்று அகன்ற இரண்டு சிற்றிலைகள் நிற்கும். அவையே இதன் முத்திரை. இலத்தீனில் இச்செடிக்கு அமைந்த பெயரின் பொருளும் காதுடையது என்பதே. அயலான் காதைக் கண்டான். ஆண்டுதோறும் காப்புக் கட்டும் கையோ அக்காதைக் காணவில்லை! விதையின் தோல் கடியது. கொதித்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிலைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுக. ஆணிவேர் ஆழமாதலின் பிடுங்கி நட்டாற் பிழைப்பது அருமை. வேர்கொண்ட பின் நீர் வேண்டா, வெயில் போதும்.

பிடவம்: கார்கால முல்லையின் பூ. தெற்கத்திப் புதர்க்காடுகளில் நிற்கும் முட்புதர். சிறிய இலைகள், குறுங்கொம்புகளின் நுனியிற் கூட்டமாக நிற்கும். வெண்மையான, ஐந்திதழ்க் குழற்பூ, இனிய மணம். முள்ளுண்டு என்று அஞ்சி வெட்டி எரிக்கின்றனர். முள்ளுள்ள ரோசாவைத் தண்ணீரூற்றி வளர்ப்போர்க்குப் பிடவத்தின் முள் மட்டும் குத்துகின்றதா? வேலியும் ஆகி மணமும் தருவது இது. விதையினால் வளர்க்கலாம்.

இவற்றைக் காட்டிலிருந்து வேரோடு பெயர்த்து வருவது அறமன்று, பிழைப்பதும் அரிது. உரியவரிடம் இசைவு பெற்று விதையோ கொம்போ கொணர்தலே முறை.

தோட்டத்துக்கு வாராத பூ

அரியதெல்லாம் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதும் ஒரு வகைப் பேராசை. குறிஞ்சி அதற்கு எல்லை காட்டும். மேற்குமலையின் உயர்ந்த புல்வெளிகளிற் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூத்து, விதையிட்டு மடியும் அப்புதர் 2006-இலும் 2018-இலும் மலைமுகடுகளை நீலமாக்கியது. அடுத்த பெரும்பூப்பு 2030-இல். சமவெளித் தொட்டியில் அதை வளர்க்க முயல்வது மீனை மரத்திற் கட்டுவது போன்றது. குறிஞ்சியைக் காப்பதென்பது அதன் மலைப்புல்வெளியைக் காப்பதே. அப்புல்வெளிகளைத் தேயிலையும் சீகையும் தைலமரமும் தின்றுவிட்ட பிறகு, குறிஞ்சித்திணையின் முதற்பொருள் கருப்பொருள் பற்றி மேடையில் முழங்குவதால் ஆவதென்ன?

அறியாமையின் விலை

ஒரு பூம்புதரை அறியாமல் நடுவதால் என்ன கேடு வந்துவிடும் என்பார்க்கு உண்ணிச்செடி விடை சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாப் பூங்காவுக்கு அழகுச்செடியாக அழைத்து வரப்பட்டது இந்த அமெரிக்கப் புதர். ஒரே கொத்தில் பல நிறம் காட்டும் அதன் பூவில் மயங்கி, ஆங்கிலர் தோட்டந்தோறும் வைத்தனர். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டில் எச்சமிட்டன. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானையும் மானும் மேயும் புல்லை மூடி, மனிதன் நுழைய முடியாத முட்காடாக நிற்பது அந்த அழகுச்செடியே. தழையைத் தின்னும் மாட்டுக்கு அது நஞ்சு.

மஞ்சட்கொன்றை என்னும் பெயரில் உலவும் அமெரிக்க மரமும் அவ்வாறே முதுமலை, வயநாட்டுக் காடுகளிற் பரவிக் காட்டுத்துறையைத் திணறடிக்கின்றது. சரம் சரமாகத் தொங்கும் பொற்பூவையுடைய நம் கொன்றை வேறு, இது வேறு. நம் மரத்தின் பெயரைப் போர்த்துக்கொண்டு அயன்மரம் வீட்டுக்குள் வந்திருக்கின்றது. பெயரைத் தெரிந்தும் பூவைத் தெரியாதவன் கதவைத் திறந்து விட்டான்.

அயற்பூ ஒன்றும் வேண்டா என்பது இங்கு வாதமன்று. தாட்பூ தோட்டத்துக்குள் அடங்கி நிற்கின்றது, நிற்கட்டும். எது அடங்கும், எது அடங்காது என்று அறிந்து நடுக என்பதே வாதம்.

இரண்டு தடைகளுக்கு விடை

செடிகளை அறிய இலத்தீன் பெயரே போதும், தமிழ்ப்பெயர் எதற்கு என்பர் சிலர். உலகத்தார் தமக்குள் ஒரு செடியைச் சுட்ட இலத்தீன் பெயர் வேண்டுவதே; அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அவ்வறிவியலுக்கு ஊற்றாக நின்றவற்றுள் ஒன்று எது? 1678 முதல் 1693 வரை ஆம்சுட்டர்டாமில் 12 மடலங்களாக வெளிவந்த மலையாளக் கரைச் செடிநூல். அதனை ஆக்குவித்தவர் ஒல்லாந்து ஆளுநர் வான் இரீடு. செடியறிவை வழங்கியவர்களுள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். செத்தியும் வெண்ணொச்சியும் கருநொச்சியும் அந்நூலில் அவ்வப்பெயராலேயே இடம்பெற்றன. இலின்னேயசும் அந்நூலைப் பயன்கொண்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஐரோப்பியன் நாட்டு மருத்துவரிடம் பணிந்து கேட்டு எழுதினான். நம் பட்டம் பெற்றோரோ தம் பாட்டியிடம் கேட்கவும் நாணுகின்றனர்!

தமிழ்ப்பெயர் ஒன்றே பல செடிகளுக்கு வழங்கிக் குழப்புகின்றதே என்பது இரண்டாம் தடை. இதில் உண்மையுண்டு. அரளி என்னும் பெயர் இரண்டு செடிகளைக் குறிக்கின்றது. ஒன்றில் கணுவுக்கு மூன்று இலை. பூ செம்மையும் வெண்மையும். மற்றொன்றில் இலை மாறி மாறித் தனித்து நிற்கும், மஞ்சள் மணிப்பூ, கிள்ளினால் பால் ஒழுகும். இரண்டுமே உயிர் கொல்லும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் முன்றிலில் அறியாமல் வைத்தால் விளைவது அழுகையே. ஆனால், இதற்குத் தீர்வு தமிழ்ப்பெயரைக் கைவிடுவதா? அடைமொழி சேர்த்துத் தெளிவாக்குவதா? செவ்வரளி, பொன்னரளி என்று மக்களே வழிகாட்டிவிட்டனர். வெண்ணொச்சி, கருநொச்சி, நீர்நொச்சி என்று இனப்பெயரோடு சிறப்புப்பெயரைச் சேர்க்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. இருபெயர் முறை இலின்னேயசு கண்ட புதுமை என்று கைதட்டுவோர், உழவன் வாயில் அம்முறை முன்னமே இருந்ததை எண்ணிப் பார்க்கட்டும்.

புலவர்க்கு ஒரு சொல்

பி. எல். சாமி, கு. சீநிவாசன் போன்ற சிலர் கழக நூற்செடிகளை இன்ன செடி என்று நாட்ட உழைத்தனர். அவ்வுழைப்பைத் தொடர வேண்டிய தமிழறிஞர் கூட்டமோ, மேசைமேல் அகரமுதலியை விரித்துவைத்துக்கொண்டு அயற்பெயர்களுக்குத் தனித்தமிழ் ஆக்கத்திலேயே காலம் கழிக்கின்றது. ஆக்கம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், உயிரோடு இருக்கும் சொல் ஒன்று செடியோடு சேர்ந்து சாகும்போது அதனைத் தாங்கிப் பிடிக்காமல், பத்துப் புதுச்சொற்களைப் பெற்றெடுப்பதில் என்ன பெருமை? புதுச்சொல்லை நாளையும் ஆக்கலாம்; காயாவை நாளை ஆக்க முடியுமா? மொழித்தூய்மை நாவில் மட்டும் இருந்தால் போதாது. மண்ணிலும் வேர்விட வேண்டும்.

ஆதலின் தமிழ்ப்பற்றுடையோர் செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. வெட்சித்திணை நடத்தும் ஆசிரியர் பள்ளி முன்றிலில் ஒரு வெட்சியை நடுக. முல்லைத்திணை நடத்துவோர் ஒரு காயாவை நடுக. ஒவ்வொன்றின் அருகிலும் தமிழ்ப்பெயரை எழுதுக. உலகப்பெயரையும் உடன் எழுதுக. மாணவன் இலையைத் தொட்டு, இதழை எண்ணி, மணத்தை நுகர்ந்த பின்னர்ப் பாட்டைப் படிக்கட்டும். தனித்தமிழ்த் திருமணத்தில் தாம்பூலப் பைக்கு மாற்றாக ஒரு நொச்சிக்கன்று கொடுக்கட்டும். ஊர்ப்புறத்து முதியோர் வாயில் எஞ்சியுள்ள செடிப்பெயர்களை இளைஞர் இன்றே கேட்டு எழுதட்டும்; அவர்களோடு போனவை திரும்பி வாரா.

பூவைக் காட்டுக! பின்னர்ப் பெயரைச் சொல்லுக! காணாத பூவுக்குக் காவல் நிற்பது கல்லறைக் காவலே. கண்ட பூவுக்குக் காவல் நிற்பதே தமிழ்க் காவல்.